பூனைக்கு இன்சுலின்: சந்தேகம் வந்தால் போடாதீர்கள்!

செல்லப்பிராணிகள் பக்கம்

இந்த வாரம் ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். கேள்வி சின்னதுதான், ஆனால் அவசரமானது. அதனால் மற்ற கேள்விகள் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கட்டும்.

"எங்கள் வீட்டுப் பூனைக்குப் பத்து வயது. ஆண். கருத்தடை ஆபரேஷன் செய்தது. கொழுகொழுவென்று இருந்தவன், இரண்டே மாதத்தில் முதுகெலும்பு தெரிகிற அளவுக்கு இளைத்துவிட்டான். டாக்டர் சர்க்கரை நோய் என்று சொல்லி, காலையும் மாலையும் இன்சுலின் போடச் சொல்லியிருக்கிறார். என் மாமனாருக்கும் தினமும் நான்தான் இன்சுலின் போடுகிறேன். அதனால் ஊசியைப் பார்த்துப் பயமில்லை. அவருடைய சிரிஞ்சு வீட்டில் ஒரு பாக்கெட் இருக்கிறது. அதையே பூனைக்கும் பயன்படுத்தலாமா?" என்று கேட்கிறார் ஒரு வாசகி.

கூடாது சகோதரி. இன்று மாலை ஊசி போடுவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

சிகப்பு மூடி, ஆரஞ்சு மூடி

நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் "இன்சுலின் சிரிஞ்சு கொடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது சிகப்பு மூடி போட்ட சிரிஞ்சு. அதன் உடம்பில் ஆங்கில எழுத்து யூ, பக்கத்தில் 40 என்று அச்சடித்திருக்கும். பெரியவர்கள் பாட்டிலில் வாங்கிப் போடும் பல இன்சுலின்கள் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் அடர்த்தி கொண்டவை. அதற்கான சிரிஞ்சு அது.

பூனைகளுக்கு அடிக்கடி எழுதித் தரப்படும் கிளார்ஜின் இன்சுலின் அப்படியல்ல. அது ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். அதற்கு யூ-100 என்று அச்சடித்த சிரிஞ்சு வேண்டும். அதன் மூடி பொதுவாக ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்.

இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? கணக்கைப் பாருங்கள். யூ-40 சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு என்பது 0.025 மில்லிலிட்டர். அந்தக் கோடு வரை 100 யூனிட் அடர்த்தி மருந்தை இழுத்தால், உள்ளே இருப்பது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். டாக்டர் இரண்டு யூனிட் எழுதியிருந்தால் பூனைக்குப் போவது ஐந்து யூனிட். நாலு கிலோ எடையுள்ள உயிருக்கு இது விளையாட்டு இல்லை. பல பூனைகளுக்கு வைத்தியம் தொடங்குவதே வேளைக்கு ஒரு யூனிட் அளவில்தான்.

தலைகீழாக நடந்தாலும் தொல்லைதான். விலங்குகளுக்கென்றே வெளிநாட்டில் தயாராகும் கேனின்சுலின், புரோசிங்க் போன்றவை 40 யூனிட் அடர்த்தி. அதை யூ-100 சிரிஞ்சில் இழுத்தால் பாதி அளவுகூடப் போகாது. சர்க்கரை இறங்காது. டாக்டர் டோஸை ஏற்றுவார். ஒருநாள் வீட்டில் வேறு யாரோ கடையிலிருந்து சரியான சிரிஞ்சை வாங்கி வருவார்கள். அன்றைக்கு ஏற்றிய டோஸ் முழுதாக உள்ளே போகும்.

எனவே மூடியின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பாட்டிலில் எழுதியிருக்கும் எண்ணும் சிரிஞ்சில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 40 என்றால் 40, 100 என்றால் 100. "இந்தச் சிரிஞ்சில் இத்தனை கோடு இழுத்தால் சரியாக வரும்" என்று யாராவது மனக்கணக்கு சொன்னால் கேட்காதீர்கள். அவசரமான ஒரு காலையில் அந்தக் கணக்கு கண்டிப்பாகத் தப்பும்.

கடையில் கேட்கும்போது, "யூ-100, 0.3 மில்லி சிரிஞ்சு, அரை யூனிட் கோடு போட்டது" என்று கேளுங்கள். ஒரு மில்லி அளவுள்ள யூ-100 சிரிஞ்சில் பெரும்பாலும் ஒவ்வொரு கோடும் இரண்டு யூனிட். பூனைக்கான சின்ன அளவை அதில் சரியாகப் பார்க்க முடியாது. ஊசி 30 அல்லது 31 கேஜ் இருந்தால் மிக மெல்லியது, பூனைக்குத் தெரியக்கூடத் தெரியாது.

கிளார்ஜின் பேனாவில் 300 யூனிட் அடர்த்தி வகையும் கடைகளில் உண்டு. பெயர் பார்த்து மட்டும் வாங்கினால் அது கைமாறி வந்துவிடலாம். எந்தப் பேனாவாக இருந்தாலும், அதிலிருந்து சிரிஞ்சில் மருந்து இழுக்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

உங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஃப்ரிட்ஜில் மாமனாரின் பாட்டிலும் பூனையின் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பூனைக்கு ஒரு தனி டப்பா வையுங்கள். மருந்து, சிரிஞ்சு எல்லாம் அதற்குள்ளேயே. மூடியில் பெரிய எழுத்தில் பூனையின் பெயரை எழுதி ஒட்டுங்கள். பூனைக்கு மாமனாரின் மருந்து போனாலும் ஆபத்து, மாமனாருக்குப் பூனையின் மருந்து போனாலும் ஆபத்து.

எது பெரிய ஆபத்து?

வைத்தியம் தொடங்கும்போது எல்லோருடைய கவலையும் ஒன்றுதான். "ஒரு வேளை ஊசி தவறிவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. "ஒரு வேளை அதிகமாகப் போய்விட்டால்?"

ஒரு வேளை தவறினால் சர்க்கரை சில மணி நேரம் ஏறி நிற்கும். பூனை கூடத் தண்ணீர் குடிக்கும், கூட மூத்திரம் போகும். அடுத்த வேளை ஊசியோடு நிலைமை திரும்பும். ஆனால் ஒரு வேளைக்கு இரண்டு வேளை மருந்து போனால் ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கும். மூளைக்குச் சர்க்கரை கிடைக்காமல் வலிப்பு வரும். சில மணி நேரத்தில் உயிரே போகலாம்.

இதிலிருந்து வரும் சட்டம் ஒன்றே ஒன்று. மொத்தப் பக்கத்திலும் இதை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்: போட்டோமா, இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடாதீர்கள்.

ஊசி குத்தும்போது பூனை துள்ளி, பாதி மருந்து ரோமத்தில் வழிந்ததா? மறுபடி போடாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. காலை ஏழு மணி ஊசி மறந்துபோய் பதினொரு மணிக்கு ஞாபகம் வந்ததா? டாக்டருக்கு போன் செய்யுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அந்த வேளையை விட்டுவிட்டு, மாலை வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு மட்டும் போடுங்கள். விட்டுப்போனதையும் சேர்த்து இரண்டு மடங்காகப் போடவே கூடாது.

கூட்டுக் குடும்பத்தில் நடக்கும் விபத்து இதைவிடச் சாதாரணமானது. அம்மா காலையில் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போயிருப்பார். மகள் எழுந்து வந்து, "பாவம், யாரும் போடலையே" என்று இன்னொரு தடவை போட்டுவிடுவாள். இருவருக்கும் பூனை மேல் அன்புதான். ஆனால் பூனைக்கு இரண்டு டோஸ். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு மாதக் காலண்டரை மாட்டுங்கள். போட்டவர் அந்த நிமிடமே நேரத்தையும் தன் பெயரின் முதல் எழுத்தையும் எழுத வேண்டும். எழுதாமல் யாரும் அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. ஊசிக்கு முதல் பொறுப்பாளர் ஒருவர், அவர் இல்லாத நாளில் இன்னொருவர். வீட்டில் எல்லோரும் போடலாம் என்பது வேண்டாம்.

அதற்காக ஊசியை அடிக்கடி விட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாள் கணக்கில் இன்சுலின் இல்லாமல் போனால் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருளைச் சேர்க்கும். பூனை சாப்பிடாது, வாந்தி எடுக்கும், மூச்சு வாங்கும், துவண்டு கிடக்கும். அதுவும் உயிருக்கு ஆபத்தான நிலைதான். அப்படிப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரி.

பூனைக்கு ஏன் சர்க்கரை?

பூனைக்கு வருவது பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகை சர்க்கரை நோய் மாதிரியானது. நடுவயது தாண்டிய, எடை கூடிய, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைகளுக்கு, அதிலும் கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு, இது கூடுதலாக வருகிறது. அரிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் நீண்ட நாள் ஸ்டீராய்டு கொடுத்தாலும் வரலாம்.

நிறையத் தண்ணீர் குடிப்பது, மணல் தட்டில் பெரிய பெரிய மூத்திரக் கட்டிகள், நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது ஆகியவைதான் முதல் அறிகுறிகள். சில பூனைகள் பின்னங்காலில் விரல் ஊன்றி நடக்காமல் குதிகால் வரை தரையில் படிய நடக்கும். நரம்பு பாதிக்கப்பட்டதற்கான அடையாளம் அது. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்கு இது மெல்ல மெல்லச் சரியாகும்.

ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவுக்கு வர முடியாது. பூனை பயந்தாலே சர்க்கரை ஏறும். ஆட்டோ சத்தம், பக்கத்தில் குரைக்கும் நாய், முன்பின் தெரியாத கைகள் என்று ஆஸ்பத்திரி மேஜையில் நோயே இல்லாத பூனைக்கும் 300க்கு மேல் காட்டலாம். அதனால்தான் டாக்டர் மூத்திரத்தையும் பார்ப்பார், கடந்த இரண்டு மூன்று வாரச் சர்க்கரை நிலவரத்தைச் சொல்லும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையும் கேட்பார். வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

மாத்திரையில் முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். மாமனாரின் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பொடி செய்து கொடுக்கவே கூடாது. பூனைகளுக்கான ஒரு மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 டிசம்பரில் முதல் தடவையாக அனுமதி கொடுத்தது உண்மை. ஆனால் ஏற்கெனவே இன்சுலின் தொடங்கிய பூனைக்கு அது பொருந்தாது. உங்கள் வீட்டுப் பூனைக்கு வழி இன்சுலின்தான்.

பாட்டிலைப் பாதுகாப்பது

இன்சுலின் ஒரு புரதம். சூட்டிலும் கெடும், உறைந்தாலும் கெடும். 2 முதல் 8 டிகிரி வரை இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு நல்லது. ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள். ஒரு தடவை உறைந்துவிட்டால், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கடையில் வாங்கும்போது ஐஸ் பேக் கேளுங்கள். மருந்தை நேராக ஐஸ் மேல் வைக்காமல் நடுவில் ஒரு துணியைச் சுற்றுங்கள். மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு மணி நேரம் கிடந்த பாட்டிலை நம்ப முடியாது.

பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். கிளார்ஜின் பாட்டிலைத் திறந்தால் 28 நாள் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. நிறம் மாறினாலோ, துகள் மிதந்தாலோ, தெளிவாக இருக்க வேண்டியது மங்கினாலோ வேறு பாட்டில்தான். கிளார்ஜினைக் கலக்கத் தேவையில்லை, தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யவும் கூடாது. பால் மாதிரி வெண்மையாக இருக்கும் வகை என்றால் எப்படிக் கலக்க வேண்டும் என்பது அதன் அட்டையிலேயே இருக்கும். அதன்படி செய்யுங்கள்.

ஊசி போடும் முறை

மாமனாருக்குப் போட்ட அனுபவம் இங்கே கை கொடுக்கும். ஆனால் மாமனார் சொன்னால் அசையாமல் உட்காருவார். பூனைக்கு அது தெரியாது.

முதலில் சாப்பாடு. தட்டை வைத்து, பூனை வழக்கம்போலச் சாப்பிடுகிறதா என்று பாருங்கள். சாப்பிட்டால்தான் ஊசி. பல பூனைகள் தட்டில் முகம் புதைத்திருக்கும்போதே ஊசி முடிந்துவிடும், அதற்குத் தெரியக்கூடத் தெரியாது.

கையைக் கழுவிக்கொண்டு, புதுச் சிரிஞ்சை எடுத்து, அளவுக் கோடு வரை மருந்தை இழுங்கள். வெளிச்சத்தில் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். காற்றுக் குமிழி இருந்தால் விரலால் சுண்டி மேலே ஏற்றி வெளியேற்றுங்கள். தோலுக்கு அடியில் குமிழி போவதால் ஆபத்து இல்லை. ஆனால் ஒரு யூனிட் மருந்தில் குமிழி பிடிக்கும் இடம் பெரிது. அந்த அளவு மருந்து குறைந்துவிடும்.

இடம்: விலாப் பக்கம், வயிற்றின் பக்கவாட்டு, தோளுக்குப் பின்புறம். எல்லோரும் பிடரியில்தான் போடுவார்கள். ஆனால் தினமும் ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்து, மருந்து சரியாக உறிஞ்சப்படாது. காலையில் வலது பக்கம், மாலையில் இடது பக்கம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒரு விரல்கடை தள்ளிப் போடுங்கள்.

கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மெல்லத் தூக்குங்கள். ஒரு சின்னக் கூடாரம் மாதிரி வரும். அதன் அடிவாரத்தில் ஒரு குழி தெரியும். ஊசியின் சரிந்த முனை மேலே பார்க்க, அந்தக் குழிக்குள் சாய்வாக நுழைத்து மருந்தைத் தள்ளுங்கள். ஐந்து எண்ணிவிட்டு வெளியே எடுங்கள். தோலின் மறுபக்கம் வழியாக ஊசி வெளியே வந்துவிட்டால் மருந்து ரோமத்தில் போகும். முடிந்ததும் அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் காலண்டரில் "சந்தேகம்" என்று எழுதுங்கள். மறுபடி போட வேண்டாம்.

ஸ்பிரிட் பஞ்சு தேவையில்லை. அந்த வாசனையும் சில்லிப்பும் பூனைக்குப் பிடிக்காது. நாலு நாளில் ஊசி என்றாலே ஓட ஆரம்பிக்கும். ஊசி முடிந்ததும் அதற்குப் பிடித்ததைச் செய்யுங்கள், தாடையைச் சொறிந்து விடுங்கள். துரத்திப் பிடித்து, துண்டில் சுருட்டி, நாலு பேர் அமுக்கிப் போடும் வீட்டில் இந்த வைத்தியம் ஒரு மாதம்கூட நீடிக்காது.

ஒரு சிரிஞ்சு ஒரு தடவைதான். இரண்டாம் தடவை முனை மழுங்கும், வலிக்கும், கிருமி சேரும். பயன்படுத்திய ஊசியைக் குப்பைக் கவரில் போடாதீர்கள். மறுநாள் காலை அதை வெறும் கையால் பிரிக்கப் போவது ஒரு தூய்மைப் பணியாளர். தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை ஒட்டி, ஊசி என்று எழுதி, உங்கள் டாக்டரின் கிளினிக்கில் கொடுத்துவிடுங்கள்.

எப்போது போடக்கூடாது?

இந்தப் பட்டியலை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

• பூனை சாப்பிடவில்லை, அல்லது வழக்கத்தில் பாதிகூடச் சாப்பிடவில்லை.
• சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிட்டது.
• நடை தள்ளாடுகிறது, துவண்டிருக்கிறது.
• வீட்டு மீட்டரில் சர்க்கரை டாக்டர் சொன்ன எல்லைக்குக் கீழே இருக்கிறது.
• இந்த வேளைக்கு வேறு யாரோ போட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

இதில் ஒன்று இருந்தாலும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு போனை எடுங்கள். குறைத்துப் போடுவதா, விடுவதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தீபாவளியை மறக்காதீர்கள். பட்டாசுச் சத்தத்தில் பூனை பரண் மேலோ பீரோவுக்குப் பின்னாலோ ஒளிந்துகொண்டு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருக்கும். பாவமே என்று இழுத்து வந்து ஊசி மட்டும் போட்டுவிடக் கூடாது. அன்றைக்கு என்ன செய்வது என்பதை ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக இருந்தாலும் இதே முன்னேற்பாடு வேண்டும். ஊசி போடத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போக முடியாது.

லோ சுகர் வந்தால்

பூனைக்கு ரத்தச் சர்க்கரை சாதாரணமாக 80லிருந்து 120 வரை இருக்கும். 60க்குக் கீழே போனால் ஆபத்து தொடங்கிவிட்டது. அறிகுறிகள் இவை: திடீரென்று வெறி பிடித்த மாதிரி பசி, அல்லது ஒன்றுமே வேண்டாம் என்று மூலையில் ஒதுங்குவது, குடித்தவன் மாதிரித் தள்ளாட்டம், உடம்பு நடுக்கம், கூப்பிட்டால் திரும்பாமல் வெறித்துப் பார்ப்பது, எச்சில் வடிவது. முற்றினால் வலிப்பு, மயக்கம். சில பூனைகள் எந்த அறிகுறியும் காட்டாமல் "தூங்கிக்கொண்டிருக்கும்". ஊசி போட்ட நாளில் பூனை அளவுக்கு மீறித் தூங்கினால் எழுப்பிப் பாருங்கள்.

தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் உடனே சாப்பாடு வையுங்கள். சாப்பிட மறுத்தாலோ, தள்ளாடினாலோ, அரை முதல் ஒரு டீஸ்பூன் தேன், அல்லது குளுக்கோஸ் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, விரலால் ஈறில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவுங்கள். மயங்கிய பூனையின் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வலிப்பின்போது வாய்க்குள் விரல் விடாதீர்கள், அது தன்னை அறியாமல் கடிக்கும். ஈறின் வெளிப்பக்கம் கொஞ்சம் தடவியபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

தேன் தடவியதும் பூனை எழுந்து நடந்துவிட்டால், "சரியாப் போச்சு" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். தேன் சீக்கிரம் தீரும். இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும். டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். அளவு தப்பிப் போட்டது உறுதியாகத் தெரிந்தால் அறிகுறி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உடனே சாப்பாடு கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். எத்தனை மணிக்கு, எந்த மருந்து, எவ்வளவு போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பாட்டிலையும் சிரிஞ்சையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ராத்திரியில் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது என்பதை இன்றைக்கே விசாரித்து எண்ணை போனில் சேமியுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் அவற்றோடு மருத்துவமனைகளும் இருக்கின்றன. உங்களுக்கு எது கிட்டே, எத்தனை மணி வரை பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

குணமாகும்போதுதான் கூடுதல் கவனம்

இனி நல்ல செய்தி. மாமனாருக்கு இல்லாத ஒரு வாய்ப்பு பூனைக்கு இருக்கிறது. நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்து, சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தி, மாவுச்சத்தைக் குறைத்தால், சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாத நிலைக்குக் கணிசமான பூனைகள் வந்துவிடுகின்றன. கணையத்துக்கு ஓய்வு கிடைத்ததும் அது மறுபடி தன் வேலையைப் பார்க்கத் தொடங்குகிறது.

ஆபத்தும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பூனையின் சொந்த இன்சுலின் சுரக்க ஆரம்பித்தது நமக்குத் தெரியாது. நாம் பழைய அளவையே போட்டுக்கொண்டிருப்போம். மூன்று மாதமாகச் சரியாக இருந்த டோஸ் ஒருநாள் அதிகமாகிவிடும். லோ சுகர் வரும். அதனால் "இப்போ நல்லா இருக்கான்" என்று பரிசோதனையை நிறுத்துவதுதான் பெரிய தப்பு. தண்ணீர் குடிப்பது குறைந்து, எடை ஏறி, துள்ளி விளையாட ஆரம்பித்ததும் டாக்டரிடம் போய்ச் சர்க்கரையைப் பாருங்கள்.

சாப்பாட்டை மாற்றுவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பூனை முழுக்க முழுக்க மாமிசம் தின்னும் பிராணி. பால் சோறும் தயிர்ச் சோறும் அதற்கு வேண்டாத மாவுச்சத்து. உலர் தீவனங்கள் பலவற்றிலும் மாவுச்சத்து அதிகம். ஈரமான டப்பா உணவு, வேகவைத்த கோழி, மீன் பக்கம் மாற்றுவது நல்லதுதான். ஆனால் ஒரே நாளில் மாற்றினால் சர்க்கரை சட்டென்று இறங்கி, அதே டோஸ் அதிகமாகிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒன்றிரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வெறும் கோழி மட்டும் நாள் கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போன்றவை குறையும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குழம்பு மீன் வேண்டாம், வெங்காயம் பூனைக்கு விஷம். குண்டாக இருக்கிறது என்று பட்டினி போடவும் கூடாது. சில நாள் சாப்பிடாத குண்டுப் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து வேறு ஆபத்து வரும்.

மாமனாரின் குளுக்கோமீட்டரை வைத்து வீட்டிலேயே பார்க்கலாம். காது மடலின் ஓரத்தைக் கையால் சூடுபடுத்தி, புது ஊசியால் லேசாகக் குத்தினால் ஒரு துளி ரத்தம் வரும். வீட்டில் பூனை பயப்படாததால் ஆஸ்பத்திரி எண்ணைவிட இது நம்பகமானது. ஆனால் மனிதர்களின் மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், கடைசிவரை அதே மீட்டரையே பயன்படுத்துங்கள். எண்ணைப் பார்த்து நீங்களாக டோஸை ஏற்றவோ இறக்கவோ வேண்டாம்.

மீட்டர் இல்லாவிட்டாலும் மூன்று விஷயங்களைக் காலண்டரில் எழுதலாம்: ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடித்தது, மணல் தட்டில் எத்தனை கட்டி, வாரம் ஒரு தடவை எடை. பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தக் காலண்டரைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, பாட்டிலையும் சிரிஞ்சையும் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து எண்களைப் பார்ப்பது. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் இன்றைய ஊசியைத் தள்ளி வைத்து, டாக்டருக்குச் சொல்லிவிட்டு, கடைக்குப் போய்ச் சரியான சிரிஞ்சை வாங்கி வாருங்கள். ஏற்கெனவே பழைய சிரிஞ்சில் போட்டுவிட்டீர்கள் என்றால், பூனை எவ்வளவு நன்றாக இருந்தாலும், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு டாக்டருக்கு போன் செய்யுங்கள்.